படலைக்குள் வரும் குப்பை: யாழ்ப்பாண வீடுகளுக்கான ஒரு விவாத இழை

கேள்வி (கோண்டாவில் வாசகர்), 2026 ஜனவரி 11

எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் நினைத்தபோதுதான் வருகிறது. பின்வளவில் குழி வெட்டிப் போட்டுக் கொளுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வாசிக்கக் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எழுதியவை. கிணறும் நாலு மரமும் உள்ள ஒரு சாதாரண யாழ்ப்பாண வீட்டில் குப்பையைக் குறைக்க நடைமுறையில் என்ன செய்யலாம்?

உரும்பிராயிலிருந்து பதில், ஜனவரி 11, இரவு

முதலில் கொளுத்துவதை நிறுத்துங்கள், தம்பி. மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் வளவும் என் வளவும் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கின்றன. மேலே செம்மண், கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். மழைத்தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியே இறங்கிப் போய்ச் சேருமிடம் நம் கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் வெங்காயத்துக்கு இறைக்கவும் நிலத்தடி நீரை விட்டால் நமக்கு நாதியில்லை. குழியில் எரித்த பற்றரியின் சாம்பலையும் உருகிய பிளாஸ்டிக்கையும் மாரி மழை கரைத்துக்கொண்டு வேறெங்கே போகும்? சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது இந்த ஊர் அதைக் கண்ணால் கண்டது. புகையும் லேசுப்பட்டதல்ல. பீ.வீ.சீ. குழாய்த் துண்டும் வயர் உறையும் எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அதை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தை.

இப்போது வேலைக்கு வருவோம். இரண்டு உரப்பைகளை எடுங்கள். ஒன்றில் அடுப்படிக் கழிவு, மற்றதில் மீதி எல்லாம். ஒரு கிழமை எதையும் எறியாமல் சேர்த்துவிட்டு இரண்டையும் தூக்கிப் பாருங்கள். இலங்கை வீட்டுக் கழிவில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. அந்தப் பாரமான பை உங்கள் படலையைத் தாண்டவே வேண்டியதில்லை. இலேசான பை படலைக்குள் வரவே வேண்டியதில்லை. இந்த இழையில் நான் சொல்லப்போவது அவ்வளவும் இந்த இரண்டைச் சுற்றியதுதான்.

ஜனவரி 12

பற்றரிகளையும் பழுதான மின்குமிழ்களையும் ஒரு பெட்டியில் தனியே வையுங்கள். பழைய குழல் விளக்கிலும் சுருள் விளக்கிலும் பாதரசம் இருக்கிறது. அவற்றை வளவில் உடைக்கக் கூடாது.

ஜனவரி 14

நாளைக்குப் பொங்கல். வீடு கழுவும்போது அடுப்படியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று கவனித்தேன்.

எங்கள் அம்மம்மா காலத்தில் மிச்சம் என்பதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் மனிதர், பிறகு மாடும் ஆடும், அதன் பிறகே மண். இரவுச் சோற்றில் தண்ணீர் விட்டால் காலையில் பழஞ்சோறு. தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையில் தருவார். கழுநீரும் கஞ்சியும் மரக்கறித் தோலும் மாட்டு வாளிக்குப் போகும். பலாப்பழத்தின் சக்கைக்கு ஆடுகள் வேலிக்கு மேலே தலை நீட்டும். இன்று பெரும்பாலான வீடுகளில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. அந்த நடு இடம் வெறுமையாகிவிட்டதால் எல்லாம் நேரே குப்பைப் பைக்குப் போகிறது.

ஆனால் மாடு உள்ள வீடு ஒன்று ஒவ்வோர் ஒழுங்கையிலும் இன்னும் இருக்கிறது. எங்கள் வாளியை மூன்றாம் வீட்டு அக்கா மாலையில் வந்து எடுக்கிறார். அதில் பொலித்தீன் துண்டு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. மாடு விழுங்கினால் அதன் வயிற்றை அடைத்துவிடும். உப்பும் புளியும் தூக்கலான கறியையும் அதில் ஊற்றுவதில்லை.

வரிசையின் முதற்படியைப் பற்றி இன்னும் ஒன்று. அளந்து சமையுங்கள். விருந்தாளி வந்து குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயத்தில் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அப்படிப் போட்டது நாய்க்கும் மிஞ்சுகிறது.

ஜனவரி 18

கூட்டெரு, அதாவது கழிவை மக்கவைத்துச் செய்யும் எரு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். "பீப்பா வாங்கினோம், நாற்றம் தாங்கவில்லை, விட்டுவிட்டோம்" என்று மானிப்பாயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பீப்பாவுக்குள் அடுப்படிக் கழிவை மட்டும் போட்டிருக்கிறார். அது கூழாகிக் காற்றுப் புகாமல் அழுகத்தான் செய்யும்.

அடுப்படிக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு வேண்டும். சருகில் கரிமம் கூட. மரக்கறித் தோலிலும் தேயிலைச் சக்கையிலும் நைதரசன் கூட. கரிமம் 30 பங்குக்கு நைதரசன் 1 பங்கு என்ற அளவை ஒட்டி இரண்டும் சேரும்போதுதான் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்கின்றன. அப்போது நடுப்பகுதி கை வைக்க முடியாத சூட்டுக்கு ஏறும். அந்தச் சூட்டில்தான் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாகின்றன.

நான் செய்வது இது. பீப்பாவின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள். அடியில் இரண்டு கல் வைத்து உயர்த்தி, உள்ளே முதலில் பொச்சுமட்டைத் துண்டுகள். அதன் மேல் சருகு, கழிவு, சருகு என்று மாறி மாறி, மேலே எப்போதும் சருகு. கிழமைக்கு ஒரு தடவை தடியால் கிளறிவிடுகிறேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது: சருகு போடுங்கள், கிளறுங்கள். எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது: தண்ணீர் தெளியுங்கள். பருமனான வெண்புழுக்கள் வந்தால் மருந்து அடிக்காதீர்கள். அவை கறுப்பு ஈ ஒன்றின் புழுக்கள்; கழிவைத் தின்று தீர்க்கின்றன, வீட்டு ஈயைப் பெருகவிடுவதில்லை.

மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி ஆகியவற்றைப் பீப்பாவில் போடாதீர்கள். எலி வரும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது.

மீன் செதிளையும் குடலையும் இறால் கோதையும் அன்றைக்கே வாழையடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மேலே சாம்பல் தூவி, நாய் கிளறாமல் ஒரு கல்லை வைத்துவிடுகிறேன். அந்த வாழையின் குலையைப் பார்த்தவர்கள் என்ன உரம் போட்டாய் என்று கேட்கிறார்கள்.

ஜனவரி 20

"குழியில் போட்டது கிணற்றுக்கு இறங்கும் என்று முதல் நாள் சொன்னீர்கள், இப்போது மீனைப் புதைக்கச் சொல்கிறீர்கள்" என்று கோண்டாவில் தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. நான் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கின் நஞ்சு வேறு, இது வேறு. ஆனாலும் இதிலும் ஓர் எல்லை இருக்கிறது. மக்கும் பொருளிலுள்ள நைதரசன் கடைசியில் நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டச் செய்கை நெருக்கமாக உள்ள நம் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. யூரியாவும் மாட்டெருவும் மலக்குழிகளும் சேர்ந்து செய்த வேலை அது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் ஆபத்தானது.

ஆகவே ஒரே குழியில் கொட்டிக் குவிக்காதீர்கள். இன்று இந்த வாழை, அடுத்த முறை அந்தத் தென்னை, பிறகு முருங்கை என்று வேர் உறிஞ்சக்கூடிய இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையுங்கள். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஒழுங்காக மக்கிய கூட்டெரு நைதரசனை மெதுவாகத்தான் விடும். பச்சைக் கழிவைவிடப் பாதுகாப்பு.

மணல் வளவில் என்ன செய்வது என்று குடத்தனையிலிருந்து எழுதியவருக்கு: உங்கள் மணல் நிலத்தில் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும். நீங்கள் மீனைப் புதைப்பதைவிட, கருவாடு போடுகிற அயலவர் கோழித் தீனிக்கு எடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கூட்டெருவை நேரே மணலில் வைக்காமல் பீப்பாவில் வையுங்கள். உங்கள் மண்ணுக்குத்தான் அது எங்களைவிட அதிகம் தேவை. மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஜனவரி 21

சிரட்டை, தயிர்க் கோப்பை, ஐஸ்கிறீம் கோப்பை, பழைய ரயர். மழை விட்ட இந்த நாட்களில் வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிரட்டை நல்ல விறகு. பொச்சுமட்டையைத் தென்னையடியில் மண்ணுக்குள் தாழ்த்தால் கோடையில் ஈரம் நிற்கும், பொட்டாசியமும் கிடைக்கும்.

பெப்ரவரி 1

இனி இலேசான பை.

சட்டங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து வீடுகளைப் புதைத்த பிறகு, அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, 20 மைக்குரோனுக்கு மெல்லிய பொலித்தீன் எல்லாம் தடை. 2021 இல் சிறிய ஷாம்பூப் பக்கற் போன்றவை. 2023 இல் பிளாஸ்டிக்கில் செய்த உறிஞ்சுகுழாய், கரண்டி, இடியப்பத் தட்டு, பூமாலை. 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியின் பலனை நான் கண்ணால் காண்கிறேன். பணம் கொடுக்க வேண்டும் என்றதும் ஆட்கள் வீட்டிலிருந்து பை கொண்டு வருகிறார்கள்.

ஆனால் மரக்கறிச் சந்தையும் மீன் சந்தையும் வேறு உலகம். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு ஒரு பை, பச்சை மிளகாய்க்கு ஒரு பை, கீரைக்கு ஒரு பை என்று கேட்காமலே போட்டுத் தருகிறார்கள். "வேண்டாம், கடகத்துக்குள் போடுங்கள்" என்று அவர்கள் கை பைக்குப் போவதற்கு முன் சொல்ல வேண்டும். பையைப் பிரித்த பிறகு சொன்னால் அது கீழே விழுந்து காற்றோடு போகும்.

மீனுக்கு மூடியுள்ள வாளி ஒன்று. முன்பு பனையோலைப் பறியில்தான் மீன் வீட்டுக்கு வந்தது. அரிசிக்கும் மரக்கறிக்கும் கடகம், கையில் தூக்க உமல், பனங்கட்டிக்குக் குட்டான். இதெல்லாம் அருங்காட்சியகப் பொருளல்ல. பனையோலைப் பொருட்களைச் சந்தையில் இன்றும் வாங்கலாம். கடகத்தின் விளிம்பு நாரால் இறுகக் கட்டியதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரம் படாமல் தொங்கவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கிழிந்தால் பீப்பாவுக்குள்.

மிளகாய்த்தூளைப் பக்கற்றில் வாங்கும் யாழ்ப்பாணத்தவரை எனக்கு விளங்கவில்லை. செத்தல், மல்லி, சீரகம், மிளகு எல்லாவற்றையும் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோனால், கொண்டுபோன பேணியிலேயே தூள் திரும்பி வருகிறது. அந்த மணத்துக்குப் பக்கற்றுத் தூள் கிட்டவும் வராது. நல்லெண்ணெயும் அப்படித்தான்: செக்கடிக்குப் போத்தலைக் கொண்டுபோங்கள். பசும்பால் கிடைக்கும் ஒழுங்கையில் பால்மா எதற்கு? பால்மாப் பக்கற் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய உறை. பழைய சாமான் வாங்குபவர் அதைத் தொடமாட்டார்.

பெப்ரவரி 3

"தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் குப்பையே இல்லை, அந்தக் காலம் திரும்ப வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் வளர்ந்தவள் நான். இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது.

பொருளாதாரத் தடையின்போது பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை, எரிபொருள் இல்லை. பனங்காயைப் பிழிந்து துணி துவைத்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெயில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஒரு வெற்று ரின் கிடைத்தால் அதற்கு வீட்டில் சண்டை நடக்கும். உண்மைதான், குப்பை இல்லை. மருந்தும் இல்லை. அந்தக் காலம் யாருக்கும் திரும்பி வரவே கூடாது.

அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது கை வேலை. திருத்தத் தெரிந்த கை. குடைக் கம்பி கட்டுபவர், அடுப்புத் திரி மாற்றுபவர், சப்பாத்துத் தைப்பவர் எல்லோரும் நகரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் அனுப்பும் பெட்டி ஒவ்வொன்றும் புதிது புதிதாகக் கொண்டுவந்து இறக்குகிறது; பழையதைத் திருத்த வேண்டும் என்ற எண்ணமே அற்றுப்போகிறது. அனுப்புகிறவர்களுக்கும் சொல்கிறேன்: சொக்கிலேற் கொஞ்சமாக அனுப்புங்கள், அம்மாவின் மின்விசிறியைத் திருத்தப் பணம் அனுப்புங்கள்.

பெப்ரவரி 22

வேம்பு இலை கொட்டத் தொடங்கிவிட்டது. காலையில் கூட்டி மாலையில் குவித்து நெருப்பு வைக்கும் வேலை ஒழுங்கை முழுவதும் நடக்கிறது. முற்றம் கூட்டாத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். கூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொளுத்தாதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜனவரி 18 குறிப்பில் சருகு இரண்டு மூன்று பங்கு வேண்டும் என்றேன். ஆண்டு முழுவதற்குமான சருகு இந்த மாசியிலும் பங்குனியிலும்தான் வானத்திலிருந்து விழுகிறது. உரப்பைகளில் அடைத்துத் தாழ்வாரத்தில் வையுங்கள். மாரியில் எல்லாம் நனைந்து கிடக்கும்போது இதன் அருமை தெரியும். வேப்பிலை மெல்லியது, சீக்கிரம் மக்கும். மாவிலையும் பலாவிலையும் தடிப்பானவை, நொறுக்கிப் போட வேண்டும். பனையோலையை நம் விவசாயிகள் தோட்டத்தில் தாழ்த்து வந்தார்கள். அதைப் பீப்பாவில் திணிக்காதீர்கள், அது பீப்பாவைவிட நீண்ட ஆயுள் கொண்டது. பூவரசும் கிளுவையும் வெட்டும் நாளில் அந்தக் குழையில் ஒரு பங்கை ஆட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் போட்டால் சூடு நன்றாக ஏறும்.

2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியபோது கூட்டெருவுக்கு எத்தனை பேர் அலைந்தார்கள்! அந்த ஆண்டும் இதே சருகை இதே ஒழுங்கையில் கொளுத்தினார்கள்.

மார்ச் 8

நேற்று ஓர் அந்தியேட்டிச் சாப்பாடு. வாழையிலையில்தான் பரிமாறினார்கள், மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் ஒரு குட்டித் தண்ணீர்ப் போத்தல். பாதி குடித்து வைத்த போத்தல்கள் மலையாகக் கிடந்தன. தேநீருக்குக் கடதாசிக் கோப்பை. அது கடதாசி என்று எண்ணிக் கூட்டெருவில் போடுகிறார்கள், உட்பக்கத்தில் பொலித்தீன் பூசியிருக்கிறது, மக்காது.

கிடாரமும் சருவமும் வாடகைக்குக் கிடைக்கும் ஊரில் நூறு எவர்சில்வர் தம்ளர் கிடைக்காதா? சனசமூக நிலையத்துக்கு நினைவாக எதையாவது அன்பளிப்புச் செய்ய விரும்பும் குடும்பங்கள் கடிகாரத்துக்கும் கதிரைக்கும் பதிலாகத் தம்ளர்களைக் கொடுக்கலாம். உதடு படாமல் மூக்குப்பேணியில் குடித்த சனம் நாங்கள். கழுவுவதற்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. அந்தக் கூலியைப் போத்தல் வாங்கும் செலவோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மார்ச் 10

பம்பர்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் முதியவர் படுக்கையில் இருக்கும் எல்லோர் மனதிலும் அது இருக்கிறது. எங்கள் மாமியைப் பார்த்த காலத்தில் பகலில் இறப்பர் விரிப்பும் பழைய வேட்டித் துண்டுகளும், இரவில் பம்பர்ஸ். துண்டுகளைக் கொதிநீரில் ஊறவைத்து நல்ல வெயிலில் போட வேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், ஒருவர் தனியாகப் பார்க்கிறார் என்றால், அவர் பம்பர்ஸையே பயன்படுத்தட்டும். அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. எரிப்பதும் புதைப்பதும் மட்டும் வேண்டாம். உள்ளே உள்ள பசை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அது எரியாது, புகையும். சுற்றிக் கட்டிக் குப்பை ஏற்றுபவரிடம் கொடுங்கள். கையுறை இல்லாமல் அதைத் தூக்குவது ஒரு மனிதர் என்பதை நினைத்து இரண்டு பையாகக் கட்டுங்கள். பையைக் குறைக்கச் சொன்ன நானே இங்கே கூட்டச் சொல்கிறேன்.

ஏப்ரல் 5

புத்தாண்டுக்கு வீடு ஒதுக்குகிறேன். இப்போது எங்கள் படலைக்கு வெளியே போவது பிஸ்கற் உறைகள், மாத்திரை அட்டைகள், நூடில்ஸ் பக்கற், உடைந்த பிளாஸ்டிக். போத்தலும் இரும்பும் கடதாசி மட்டையும் பழைய சாமான் வாங்குபவருக்கு. போத்தல்களைக் கழுவி மூடியைத் தனியாக வைத்தால் அவர் மறுப்பதில்லை. பனங்கிழங்கு கிண்டிய ஊமல் அடுப்புக்கு. நன்றாகக் காய்ந்தால் விறகைவிட நின்று எரியும்.

வெளியே போகும் அந்தப் பை கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் போய் விழுகிறது. அங்கே தீப்பற்றினால் புகை நவாலிக்கும் அராலிக்கும் போகிறது. அதனால்தான் பையை இன்னும் சிறிதாக்கப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 7

கோண்டாவில் தம்பி திரும்ப வந்திருக்கிறார். கொளுத்துவதை நிறுத்திவிட்டாராம், மிகவும் மகிழ்ச்சி. வளவு ஒரு பரப்புத்தான், கிணறும் மலக்குழியும் போக வாழை வைக்கவே இடமில்லை, பீப்பாவை எங்கே வைப்பது என்று கேட்கிறார்.

பெரிய பீப்பா வேண்டாம். மூடியுள்ள பழைய பெயின்ற் வாளிகள் இரண்டை எடுத்து அடியில் துளையிடுங்கள். ஒன்று நிரம்பி ஆறும்போது மற்றதை நிரப்புங்கள். கிணற்றடிக்கு எதிர்ப்பக்க மதிலோரம், காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். கீழே ஒரு தட்டு வைத்தால் வடியும் சாற்றைப் பிடித்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்சாடிக்கு ஊற்றலாம். மீன் கழிவை அயலில் வாழை உள்ளவரிடம் கொடுங்கள், வாங்க மறுக்கமாட்டார்.

உரும்பிராய்ப் பக்கம் வரும்போது சொல்லுங்கள், முதிர்ந்த கூட்டெரு ஓர் உரப்பை தருகிறேன். ஒவ்வொரு வாளியின் அடியிலும் இரண்டு கை தூவினால் வேலை சுறுசுறுப்பாகத் தொடங்கும். சருகும் உங்களிடம் இருக்காது, அதிலும் இரண்டு பை எடுத்துப் போங்கள். பைகளைத் திருப்பித் தர வேண்டும்.